மாயர்கள் மறைந்துவிட்டார்களா? குவாத்தமாலாவுக்குப் புறப்படும் ஒருவருக்கு

வரும் பிப்ரவரியில், ஹூஸ்டனில் இருக்கும் மகன் வீட்டிலிருந்து கணவருடன் பன்னிரண்டு நாள் குவாத்தமாலா போய்வர எண்ணியிருப்பதாக எழுதியிருக்கிறீர்கள். அங்குள்ள பழங்குடியினரான மாயர் இனம் ஆயிரம் ஆண்டுகளுக்கு முன்பே அழிந்துவிட்டதாகப் படித்திருப்பதால், பழைய மாய நகரமான திகாலின் பிரமிடுகளையும் கெட்சால் பறவையையும் தவிர அங்கே பண்பாடு என்று பார்க்க ஏதேனும் மிஞ்சியிருக்கிறதா என்றும் கேட்டிருக்கிறீர்கள். மேலோட்டமாகப் பார்த்தால் இது எந்தெந்த ஊருக்குப் போகலாம் என்ற கேள்வி. ஆனால், மாயர்களுக்கு என்னதான் ஆயிற்று என்பதே உங்கள் கேள்வியின் உள்ளே இருப்பதாக நான் எடுத்துக்கொள்கிறேன். அந்த விடை தெரியாமல் பயணத்திட்டம் போட்டால், பன்னிரண்டு நாளும் மாயர்களுக்கு நடுவிலேயே நடந்துவிட்டு அவர்களைப் பார்க்காமலே திரும்பிவிடுவீர்கள். அவர்கள் எங்கும் போய்விடவில்லை. 2018ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பின்போது குவாத்தமாலாவின் மக்கள்தொகை ஏறத்தாழ 1 கோடியே 49 லட்சம், அவர்களில் 41.7 விழுக்காட்டினர், அதாவது அறுபது லட்சத்துக்கும் மேற்பட்டோர், தங்களை மாயர் என்றே பதிந்திருக்கிறார்கள். அந்நாட்டில் மட்டும் 22 மாய மொழிகள் பேசப்படுகின்றன.

நான் தொல்லியல் படித்தவன் அல்லன் என்பதை முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும். போடிநாயக்கனூரில் ஏலக்காய்த் தரம் பார்க்கும் வேலையில் தொடங்கி, பின்னர் ஒரு நறுமணப் பொருள் நிறுவனத்துக்காகப் பதினோரு ஆண்டுகள், அறுவடைக் காலந்தோறும் குவாத்தமாலாவின் ஆல்தா வேராபாஸ் மாவட்டத்துக்குச் சென்று வந்தவன். ஏலக்காய்க்கும் மத்திய அமெரிக்காவுக்கும் என்ன தொடர்பு என்று நீங்கள் வியக்கலாம். நம் மேற்குத் தொடர்ச்சி மலையின் இந்தச் செடியை, முதல் உலகப் போர் தொடங்கிய காலத்தையொட்டி ஜெர்மானியக் காப்பித் தோட்டக்காரர் ஒருவர் கோபான் நகரைச் சுற்றிய மலைகளில் நட்டார். விதை இந்தியாவிலிருந்து வந்தது என்பாரும் உண்டு, இலங்கையிலிருந்து வந்தது என்பாரும் உண்டு. இன்று உலகிலேயே மிகுதியாக ஏலக்காய் ஏற்றுமதி செய்யும் நாடு குவாத்தமாலா. ஆகவே நான் சொல்வதில் கோபானைச் சுற்றி வாழும் கெக்சி என்ற மாய மக்களைப் பற்றியவை பழகி அறிந்தவை. மேற்கு மலைநாட்டைப் பற்றியவை சில பயணங்களில் கண்டவை. பழைய நகரங்களைப் பற்றியவை படித்தும் அங்குள்ள ஆய்வாளர்களிடம் கேட்டும் தெரிந்துகொண்டவை. அந்த வரிசையிலேயே என் சொல்லுக்கு எடை கொடுங்கள்.

அழிவு என்று நம் பாடநூல்கள் சொன்னதில் உறுதியானது எது, ஐயத்துக்குரியது எது என்று முதலில் பிரித்துக்கொள்வோம். வடக்கே பெத்தேன் தாழ்நிலக் காடுகளில் இருந்த திகால் போன்ற பெருநகரங்கள் கி.பி. எட்டாம் நூற்றாண்டின் இறுதியிலிருந்து ஒவ்வொன்றாகக் கைவிடப்பட்டன என்பது உறுதி. ஓர் அரசன் கல் நட்டுத் தேதி பொறிப்பதை நிறுத்திவிட்டால் அங்கே அரசு தளர்ந்துவிட்டது என்று பொருள் கொள்கிறார்கள். திகாலில் கிடைத்த கடைசித் தேதிக் கல் 869ஆம் ஆண்டுக்குரியது. ஏன் கைவிட்டார்கள் என்பதில்தான் கருத்து வேறுபாடு. நீண்ட வறட்சி, நகரங்களுக்கிடையே ஓயாத போர், காடழிப்பு, வணிக வழிகள் மாறியது என்று பல காரணங்கள் கூறப்படுகின்றன. ஏரிப்படிவுகளையும் குகைப்படிவுகளையும் ஆராய்ந்தவர்கள் வறட்சிக்கு நல்ல சான்று காட்டியிருக்கிறார்கள். ஆனால் வறட்சி எல்லா நகரத்தையும் ஒரே காலத்தில் ஒரே விதமாகத் தாக்கவில்லை என்பதால், அது ஒன்றையே காரணமாகச் சொல்வோரை நான் சற்றுத் தள்ளியே வைக்கிறேன். கைவிடப்பட்டவற்றின் அளவு எத்தகையது என்பது 2018இல் வெளியான லைடார் ஆய்வில் தெரிந்தது. விமானத்திலிருந்து லேசர் கதிர்களைப் பாய்ச்சி, காட்டின் இலைக்கூரைக்குக் கீழே பெத்தேனில் 2,100 சதுர கிலோமீட்டருக்கு மேல் அளந்தபோது, அறுபதாயிரத்துக்கும் மேற்பட்ட கட்டுமானங்கள் தெரிந்தன. அதை வைத்து, மாயத் தாழ்நிலத்தின் நடுப்பகுதியில் உச்சக் காலத்தில் 70 லட்சம் முதல் 1 கோடியே 10 லட்சம் பேர் வரை வாழ்ந்திருக்கலாம் என்று மதிப்பிட்டார்கள். இந்த எண் மதிப்பீடுதான். கட்டடங்களின் எண்ணிக்கை அளந்து அறிந்தது.

அந்த நகரங்கள் விழுந்தபோதும் தெற்கு மலைநாட்டில் கிச்சே, கக்சிகேல் முதலிய மாய அரசுகள் பின்னர் எழுந்தன. 1524இல் பெத்ரோ தே அல்வராதோ என்ற ஸ்பானியத் தளபதி படையுடன் வந்தபோது அவற்றோடுதான் போரிட்டான். இன்னும் சொல்லப்போனால், திகாலுக்கு அருகிலேயே, இன்று நீங்கள் தங்கப்போகும் ஃப்ளோரெஸ் என்ற தீவூரில், இட்சா மாயரின் அரசு 1697 மார்ச் வரை ஸ்பானியருக்கு அடங்காமல் நின்றது. கொலம்பஸ் வந்து இருநூறு ஆண்டு கழிந்த பிறகும் நோஹ்பெத்தேன் என்ற பெயரில் தலைநகராக இருந்த அந்தத் தீவில் இப்போது விடுதிகளும் ஐஸ்கிரீம் கடைகளும் இருக்கின்றன. சுற்றுலாப் பயணிகள் அங்கே படுத்துறங்கிவிட்டு விடியற்காலையில் ‘மறைந்துபோன மாயர்களை’ப் பார்க்கப் புறப்படுவதை நினைத்தால் எனக்கு ஒவ்வொரு முறையும் சிரிப்பு வரும்.

மறைந்துவிட்டார்கள் என்ற எண்ணம் பரவியதற்குக் காட்டில் மூடிக் கிடந்த கோயில்களின் படங்கள் ஒரு காரணம். உயிரோடிருந்த மாயரை மறைத்து வைப்பதில் நாட்டை ஆண்டவர்களுக்கு நன்மை இருந்தது என்பது இன்னொரு காரணம். நான் பழகிய மாவட்டத்தையே எடுத்துக்கொள்ளுங்கள். ஸ்பானியப் படையால் வெல்ல முடியாத அந்த மலைகளை, பார்தொலோமே தே லாஸ் காசாஸ் என்ற பாதிரியாரும் அவருடைய சபையினரும் 1537 முதல் ஆயுதமின்றிச் சமயத்தால் வசப்படுத்த முயன்றனர். அதனால் வந்த பெயர் ‘வேரா பாஸ்’, உண்மை அமைதி. பிறகு 1870களில் காப்பிக்காக நிலச் சட்டங்களை மாற்றியபோது, கெக்சி ஊர்களின் பொதுநிலம் பெருந்தோட்டங்களானது, அதே மக்கள் அங்கே கூலிகளானார்கள். அந்த உண்மை அமைதியின் மண்ணில், பான்சோஸ் என்ற ஊரில், 1978 மே 29 அன்று நிலவுரிமை கேட்டுத் திரண்ட கெக்சி மக்களை இராணுவம் சுட்டதில் ஐம்பதுக்கும் மேற்பட்டோர் இறந்தனர். 1960 முதல் 1996 வரை நீடித்த உள்நாட்டுப் போரில் இரண்டு லட்சத்துக்கும் மேற்பட்டோர் கொல்லப்பட்டனர் அல்லது காணாமல் ஆக்கப்பட்டனர் என்றும், அடையாளம் காணப்பட்டவர்களில் 83 விழுக்காட்டினர் மாயர் என்றும் ஐக்கிய நாடுகளின் துணையோடு அமைந்த உண்மையறியும் ஆணையம் 1999இல் அறிவித்தது. இதை ஏன் பயணக் கேள்விக்கு நடுவில் சொல்கிறேன் என்றால், நீங்கள் பேருந்தில் அருகில் அமரப்போகும் ஐம்பது வயதுக்காரர் அதைச் சிறுவனாகக் கடந்து வந்தவர். அவராகச் சொல்லாத வரை கேட்காதீர்கள்.

இனி உயிரோடிருப்பதற்கு வருவோம். கோபானைச் சுற்றியுள்ள கெக்சிக் குடியானவர்கள் மலைச்சரிவில் ஏலச்செடியும், அதற்கு அப்பால் வீட்டுக்கான மக்காச்சோளமும் வைத்திருப்பார்கள். பச்சைக் காயை மூட்டையாகக் கட்டிச் சுமந்து வந்து சாலையோரத் தரகரிடம் கொடுப்பார்கள்; அந்தத் தரகருக்கு அங்கே ‘கொயோத்தே’, அதாவது ஓநாய் இனத்துச் சிறு விலங்கு என்று பெயர். ஏறத்தாழ ஐந்து கிலோ பச்சைக் காய் உலர்ந்தால் ஒரு கிலோ கிடைக்கும் என்ற கணக்கு போடியிலும் அதேதான், கோபானிலும் அதேதான். விறகடுப்பு வெப்பத்தில் காய் உலரும் கொட்டகைக்குள் நுழைந்தால், கண்ணை மூடிக்கொண்டு இது எந்த நாடு என்று என்னால் சொல்ல முடியாது. ஆனால் அந்த வீடுகளின் அடுப்படியில் ஏலக்காய் இருக்காது. பெரும்பகுதி அரபு நாடுகளின் காப்பிக்குப் போய்விடுகிறது. ஒரு முறை, இருபது ஆண்டுகளாக ஏலம் பறித்துவந்த ஒரு மூதாட்டி, இதை வாங்கிக்கொண்டு போய் நீங்களெல்லாம் என்னதான் செய்கிறீர்கள், மருந்தா, சாயமா என்று மொழிபெயர்ப்பாளர் வழியாக என்னிடம் கேட்டார். அவர் அடுப்பிலேயே பாலைக் காய்ச்சி, நாலு காயைத் தட்டிப் போட்டுக் கொடுத்தேன். ஒரு வாய் குடித்துவிட்டு, சர்க்கரை நன்றாக இருக்கிறது என்றார்.

அவர் வீட்டார் விதைப்புக்கு முன் செய்த சடங்கை நான் பார்க்க அனுமதி கிடைத்தது. கெக்சி மக்களுக்கு ஒவ்வொரு மலைக்கும் ‘சூல்தகா’ என்ற உரிமையாளர் உண்டு. சூல் என்றால் மலை, தகா என்றால் பள்ளத்தாக்கு. இரண்டும் சேர்ந்த ஒரே பெயர். நிலத்தைக் கீறுவதற்கும் மரத்தை வெட்டுவதற்கும் முன் அவரிடம் அனுமதி கேட்க வேண்டும். மெழுகுவர்த்தி ஏற்றி, ‘போம்’ என்ற மரப்பிசினைப் புகைத்து, உணவு படைத்து வேண்டினார்கள். வேண்டியவர் கழுத்தில் சிலுவை இருந்தது, வேண்டுதலில் மலைகளின் பெயர்களும் புனிதர்களின் பெயர்களும் கலந்து வந்தன. இதில் எந்த அளவு பழையது, எந்த அளவு கிறித்தவத்திலிருந்து வந்தது என்று பிரித்துக் காட்டுவோர் உண்டு; சடங்கு செய்தவர்களுக்கு அந்தப் பிரிப்பு தேவைப்பட்டதாக எனக்குத் தெரியவில்லை. பயணியாகப் போகும் உங்களுக்கு இந்தச் சடங்கு காணக் கிடைக்காது, கிடைக்கும் என்று யாராவது கட்டணம் கேட்டால் கொடுக்க வேண்டாம்.

உங்களுக்குக் காணக் கிடைப்பது மக்காச்சோளம். மனிதன் மக்காச்சோள மாவால் படைக்கப்பட்டவன் என்பது கிச்சே மக்களின் படைப்புக் கதை. முதலில் மண்ணாலும் பிறகு மரத்தாலும் செய்து பார்த்து, இரண்டும் சரிவராமல் மூன்றாவதாகச் சோளத்துக்கு வந்தார்களாம் தெய்வங்கள். மாலையில் காய்ந்த சோள மணிகளைச் சுண்ணாம்பு கலந்த நீரில் வேகவைத்து இரவு முழுவதும் ஊறவிடுவார்கள். விடிந்ததும் கழுவினால் மேல்தோல் வழுக்கிக் கழன்றுவிடும். பிறகு தலையில் குடத்துடன் பெண்கள் ஊர் மாவரைக்கும் மில்லுக்கு வரிசையாகப் போவார்கள். மில் இல்லாத இடத்தில் கல் அம்மி. சுண்ணாம்பைச் சேர்ப்பது தோலை உரிக்க மட்டுமன்று, சோளத்தில் கட்டுண்டு கிடக்கும் நயாசின் என்ற சத்தை உடல் ஏற்கும்படி விடுவிப்பதும் அதுவே. சோளத்தை மட்டும் எடுத்துக்கொண்டு சுண்ணாம்பை விட்டுவிட்ட வட இத்தாலியிலும் அமெரிக்கத் தென்மாநிலங்களிலும் ஏழைகள் பெல்லக்ரா நோயால் மாண்டார்கள். குவாத்தமாலாவின் தொர்த்தியா என்ற சோள ரொட்டி மெக்சிகோவினுடையதைவிடச் சிறியது, தடித்தது, கைதட்டித் தட்டிச் சூடான கல்லில் இடுவது. காலை ஆறு மணிக்கு ஏதாவது ஒரு சிற்றூர்த் தெருவில் நின்றால், வீடு வீடாக அந்தக் கைதட்டல் ஒலி கேட்கும். உங்கள் கணவர் சைவம் என்று எழுதியிருக்கிறீர்கள். தொர்த்தியா, கறுப்பு பீன்ஸ், வெண்ணெய்ப்பழம், வறுத்த நேந்திரம், பாலாடைக்கட்டி என்று ஒப்பேற்றிவிடலாம். இறைச்சி வேண்டாம் என்று மட்டும் சொன்னால் கோழி வந்து சேரும், ஏனென்றால் அங்கே ‘கார்னே’ என்ற சொல் பெரும்பாலும் மாட்டிறைச்சியைக் குறிப்பது. கோழியும் வேண்டாம் என்று தனியாகச் சொல்ல வேண்டும். பீன்ஸில் பன்றிக் கொழுப்பு சேர்ப்பதும் உண்டு, அதையும் கேட்டுக்கொள்ளுங்கள். உங்களுக்குத் தடை இல்லையென்றால் கோபானில் ‘காக்கிக்’ குடித்துப் பாருங்கள்: வான்கோழியைச் சிவந்த மிளகாயோடு கொதிக்கவைத்த சாறு. காக் என்றால் சிவப்பு, இக் என்றால் மிளகாய்.

அடுத்தது உடை. பெண்கள் அணியும் மேற்சட்டைக்கு வீப்பில் என்று பெயர். இடுப்புத் தறியில், பாவின் ஒரு முனையை மரத்தில் கட்டி, மறுமுனையைத் தன் இடுப்பைச் சுற்றிய வாரில் மாட்டி, உடம்பைப் பின்னுக்குச் சாய்த்துப் பாவை விறைப்பாக்கி நெய்கிறார்கள். தறிக்கு வேறு சட்டமே இல்லை, நெய்பவளின் முதுகே சட்டம். பூவும் பறவையும் பின்னர் தைத்த எம்பிராய்டரி போலத் தெரியும். பெரும்பாலான ஊர்களில் அவை நெய்யும்போதே ஒவ்வொரு நூலாக விரலால் ஊடையோடு சேர்த்துக் கோத்தவை. நல்ல வீப்பில் ஒன்றுக்குப் பல மாதங்கள் ஆகும். ஊருக்கு ஊர் வடிவம் வேறு, ஆகவே பழகியவர்கள் சட்டையைப் பார்த்தே ஊரைச் சொல்வார்கள். அந்த ஊர்வேறுபாட்டை ஸ்பானியர் தங்கள் குடிகளை அடையாளம் காணத் திணித்ததாக ஒரு கதை பரவலாக உண்டு. அதை அப்படியே ஏற்க வேண்டாம், நெசவு வடிவங்களில் பழையவையும் புதியவையும் கலந்திருக்கின்றன என்பதே நெசவை ஆராய்ந்தவர்களின் பொதுவான பார்வை. கீழே சுற்றும் துணி ‘கோர்த்தே’. அது பெரும்பாலும் மிதிதறியில் நெய்யப்படுவது, நூலைக் கட்டுப்போட்டுச் சாயமேற்றும் முறையில் சல்காஹா ஊர் பெயர்பெற்றது. வாங்குவதானால் துணியின் உட்புறத்தைத் திருப்பிப் பாருங்கள். உட்புறம் வெறும் வெள்ளையாக இருந்தால் அது இயந்திரத்தில் அச்சிட்ட போலி. அத்தகையவை இப்போது சந்தைகளில் குவிகின்றன, தங்கள் வடிவங்களுக்கு ஊர்ப் பொது உரிமை வேண்டும் என்று நெசவுப் பெண்கள் நீதிமன்றம் வரை போயிருக்கிறார்கள். நெய்தவளிடமே வாங்கினால் பேரம் பேசலாம், ஆனால் பாதி விலைக்கு இறக்காதீர்கள்.

சிச்சிகாஸ்தெனாங்கோ சந்தை வியாழனும் ஞாயிறும் மட்டுமே கூடும். உங்கள் நாட்களை அதற்கேற்ப அமைத்துக்கொள்ளுங்கள். சந்தைக்கு நடுவிலுள்ள சாந்தோ தொமாஸ் தேவாலயத்தின் படிகளில் எந்நேரமும் புகை எழும். அங்கே தீ வளர்ப்பவர்கள் ‘ஆஹ்கீஹ்’ எனப்படும் நாள்காப்போர். 20 நாட்பெயர்களும் 13 எண்களும் சுழன்று சேரும் 260 நாள் பஞ்சாங்கத்தை அவர்கள் இன்றும் கணித்து, பிறந்த நாளுக்குப் பலன் சொல்லி, நல்ல நாள் குறிக்கிறார்கள். ஸ்பானியர் வருகைக்கு முன்பிருந்து மலைநாட்டில் அந்தக் கணக்கு ஒரு நாள்கூடப் பிசகாமல் தொடர்வதாக ஆய்வாளர்கள் பலர் ஏற்கிறார்கள். 2012 டிசம்பரில் உலகம் அழியும் என்று மாயர் சொன்னதாகக் கிளம்பிய பேச்சு வெறும் கட்டுக்கதை. அன்று முடிந்தது வேறொரு நீண்ட கணக்கின் ஒரு சுற்று, நம் வண்டி மீட்டரில் ஒன்பதுகள் பூச்சியங்களாவது போல. தேவாலயத்துக்குள் படம் எடுக்கக் கூடாது. வெளியிலும் கேட்காமல் யாரையும், குறிப்பாகக் குழந்தைகளை, எடுக்காதீர்கள். குழந்தைகளைக் கடத்துகிறார்கள் என்ற வதந்தி கிளம்பியிருந்த 2000ஆம் ஆண்டில், தோதோஸ் சாந்தோஸ் என்ற மலையூரில் ஒரு ஜப்பானியப் பயணியும் அவருடைய பேருந்து ஓட்டுநரும் கூட்டத்தால் கொல்லப்பட்டனர். பயமுறுத்த இதைச் சொல்லவில்லை, அந்த அச்சத்துக்குப் போர்க்காலத்தில் உண்மையான காரணங்கள் இருந்தன.

அதித்லான் ஏரிக்கு மூன்று நாள் வையுங்கள். மிகப் பழைய எரிமலை வெடிப்பில் குழிந்த பள்ளத்தில், கடல்மட்டத்திலிருந்து 1,500 மீட்டருக்கு மேல், முந்நூறு மீட்டருக்கும் மேற்பட்ட ஆழத்தில் கிடக்கிறது நீர். தென்கரையில் மூன்று எரிமலைகள். காலையில் கண்ணாடி போலிருக்கும் ஏரியில் நண்பகலுக்குப் பின் ‘ஷொகொமீல்’ என்ற காற்று எழும். படகுப் பயணத்தை முற்பகலில் முடித்துக்கொள்வது நல்லது, மாலைப் படகில் இடுப்பெலும்பு நொறுங்கும். சாந்தியாகோ அதித்லானில் மாஷிமோன் என்ற மரத்தெய்வத்தை ஆண்டுதோறும் வெவ்வேறு வீட்டில் வைத்துக் காக்கிறார்கள். அவருக்குச் சுருட்டும் சாராயமும் படைப்பது பற்றி மேலைநாட்டுப் பயணிகள் வியந்து வியந்து எழுதுவார்கள். உங்களுக்கு அது அவ்வளவு வியப்பாக இராது. இந்த ஏரியில் மட்டுமே வாழ்ந்த, பறக்க இயலாத முக்குளிப்பான் ஒன்று இருந்தது, உள்ளூரில் ‘போக்’ என்பார்கள். தூண்டில் விளையாட்டுக்காக 1950களின் இறுதியில் ஏரியில் விடப்பட்ட அமெரிக்க பாஸ் மீன்கள் அதன் இரையையும் குஞ்சுகளையும் தின்றன. 1976ஆம் ஆண்டு நிலநடுக்கத்துக்குப் பின் நீர்மட்டம் இறங்கிக் கரையோரக் கோரை காய்ந்தது. கோரையில் கூடு கட்டிய பறவை 1990ஐ ஒட்டி இல்லாமலே போயிற்று. மறைந்துபோனது என்று சொல்வதற்கு குவாத்தமாலாவில் உண்மையாகவே தகுதியானது அதுதான்.

கெட்சால் தென்படுமா என்றால், கோபான் சாலையில் புருல்ஹாவுக்கு அருகிலுள்ள மேகக்காட்டுக் காப்பகத்தில் தென்பட நல்ல வாய்ப்பு உண்டு, உறுதி இல்லை. சான் கார்லோஸ் பல்கலைக்கழகத்தின் உயிரியல் பேராசிரியர் மாரியோ தாரி முன்னின்று அமைத்த காப்பகம் அது. பல்கலைக்கழகத்தின் தலைவராக இருந்தபோது 1981இல் அவர் சுட்டுக் கொல்லப்பட்டார், காப்பகம் அவர் பெயரைத் தாங்கி நிற்கிறது. இனப்பெருக்கக் காலம் மார்ச் முதல் ஜூன் வரை. பிப்ரவரியில் ஆண் பறவைக்கு நீண்ட வால்தூவி வளர்ந்திருக்கும், கூவவும் தொடங்கியிருக்கும். பலரும் காட்டுப் பாதையில் மணிக்கணக்கில் ஏறி இறங்கிவிட்டு ஏமாந்து போகிறார்கள். என் அனுபவத்தில் அதைவிடப் பயன்தருவது, விடியற்காலை ஐந்தரை மணிக்குக் காட்டோரச் சாலையில், சிறு வெண்ணெய்ப்பழம் காய்க்கும் ‘அகுவாகதீயோ’ மரத்தடியில் அசையாமல் நிற்பது. அது பறந்துவந்து பழத்தைக் கொத்தி, நீண்ட வால்தூவி பின்னால் அலைய, வேறொரு கிளையில் போய் அமரும். அதன் பச்சைக்குச் சாய நிறமி இல்லை, இறகின் நுண்ணமைப்பில் ஒளி சிதறுவதால் வரும் நிறம். அதனால் நிழலில் அமர்ந்தால் கறுத்து இலையோடு கலந்துவிடும், வெயில் பட்டதும் பொன்னாகவும் நீலமாகவும் மாறும். கோபானில் ‘சிப்பி சிப்பி’ என்று அழைக்கப்படும் தூறல் பிப்ரவரியிலும் வரும், குடையைவிட மழைச்சட்டை மேல். கெக்சி ஊர்களில் நலம் விசாரிக்க ‘மா சா லா சோல்’ என்பார்கள், உன் நெஞ்சு இனிதாக இருக்கிறதா என்று பொருள். ‘சா’ என்று ஒற்றைச் சொல்லில் பதில் சொன்னால் போதும், சுவையான உணவுக்கும் அதே சொல்தான்.

பாதுகாப்பைப் பற்றி: தலைநகரில் விமான நிலையத்திலிருந்து நேரே அந்திகுவா நகருக்குப் போய்விடுங்கள், எந்த ஊரிலும் இருட்டிய பின் நெடுஞ்சாலைப் பயணம் வேண்டாம். வண்ணம் பூசிய பழைய அமெரிக்கப் பள்ளிப் பேருந்துகளில் ஒரு குறுந்தொலைவு போய்ப் பாருங்கள், நெடுந்தொலைவுக்குப் பயணியர் வேன்களே நல்லவை. மழைக்காலம் மே முதல் அக்டோபர் வரை என்பதால் பிப்ரவரி ஏற்ற மாதம். மலைநாட்டில் இரவில் ஸ்வெட்டர் வேண்டும். பயணத்தை இரண்டு வாரம் முன்னே தள்ள முடியுமானால், ஜனவரி 25 அன்று ரபினால் ஊரில் நிகழும் ரபினால் ஆச்சீ என்ற ஆட்ட நாடகத்தைப் பார்க்கலாம். ஸ்பானியருக்கு முந்தைய கதையை ஆச்சீ மொழியில் முகமூடியுடன் ஆடுவது, யுனெஸ்கோ 2005இல் சிறப்பித்தது. விசா விதிகள் அவ்வப்போது மாறுவதால் புது தில்லியிலுள்ள குவாத்தமாலாத் தூதரகத்திடம் எழுத்து மூலம் கேட்டுக்கொள்ளுங்கள், என்னைப் போன்றவர்கள் சொல்வதை நம்பிப் பயணச்சீட்டு எடுக்க வேண்டாம்.

வரிசை இப்படி இருக்கட்டும்: அந்திகுவா, அதித்லான், சந்தை நாளில் சிச்சிகாஸ்தெனாங்கோ, பிறகு கோபான், கடைசியில் ஃப்ளோரெஸும் திகாலும், அங்கிருந்து ஒரு மணி நேர விமானத்தில் தலைநகர். திகாலை முதலில் வைக்கும் பயணத்திட்டங்கள்தான் மிகுதி. நான் அதைக் கடைசியில் வைக்கச் சொல்வது, அதற்குள் உங்கள் கண்ணுக்குச் சில பழக்கங்கள் வந்திருக்கும் என்பதற்காக. கல்லில் செதுக்கிய அரசியின் மேலாடையைப் பார்க்கும்போது சந்தையில் பார்த்த வீப்பில் நினைவுக்கு வரும். மூட்டுவலியுள்ள உங்கள் கணவர் நான்காம் கோயிலின் மரப்படிகளில் மெதுவாக ஏறலாம். உச்சியில் காட்டின் மேற்பரப்பு கடல்போல விரியும், ஊளைக்குரங்குகளின் உறுமலைக் கேட்டுச் சிறுத்தை என்று பதற வேண்டாம். பிறகு பெருமுற்றத்துக்கு வாருங்கள். ஹசாவ் சான் காவீல் என்ற அரசனின் கல்லறைமேல் எட்டாம் நூற்றாண்டில் எழுப்பிய முதல் கோயில் கிழக்கே நிற்கும். எல்லாரும் அண்ணாந்து அதைப் படம் எடுத்துக்கொண்டிருப்பார்கள். அவர்கள் காலடியில், முற்றத்துப் புல்வெளியில், வட்டமான ஒரு தீமேடை இருக்கிறது; மலைநாட்டிலிருந்து நாள்காப்போர் வந்து அங்கே வழிபாடு செய்கிறார்கள். நான் கடைசியாகப் போனபோது அதில் உருகிய மெழுகும் பாதி எரிந்த போம் உருண்டைகளும் கிடந்தன, சாம்பல் இன்னும் வெதுவெதுப்பாக இருந்தது. அதை மிதித்துவிடாமல் சுற்றி நடந்து போங்கள்.